எட்டாம் பாடம்

ஜமுனாமரத்தூர், 1962. காலை எட்டு மணிக்கு மலேரியா முகாமின் மேசை மேல் மைக்ராஸ்கோப் இல்லை. பூட்டு உடையவில்லை. சாவி வழக்கமான ஆணியில் தொங்கியது.

முந்தின மாலை ஆறு மணிக்கு அதிகாரி அறையைப் பூட்டிவிட்டு ஜீப்பில் போளூருக்கு இறங்கினார். ஏழுக்குக் காவல்காரர் வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார். களவு நடந்தது அந்த இடைவெளியில்தான். சாவி இருக்கும் இடம் தெரிந்தவர்கள் மூன்று பேர். ரத்தம் சோதிக்கும் ஜேம்ஸ், மண்ணெண்ணெய் கொண்டுவரும் கடைக்காரர் உஸ்மான், அறையைப் பெருக்கும் பாஞ்சாலி. ஆண்கள் இருவரும் அந்த நேரத்தில் லத்தீஃபா டீச்சரின் மாலை ஆங்கில வகுப்பில் இருந்ததாகச் சொன்னார்கள். மிச்சம் பாஞ்சாலி.

"எம் புள்ளைக்கே காய்ச்சலுங்க. அந்தக் கண்ணாடி இல்லன்னா அது இன்னா காய்ச்சல்னு யாரு பாத்துச் சொல்லுவாங்க?" என்று அவள் அழுதாள். சப்-இன்ஸ்பெக்டர் வடிவேலு அவளை ஸ்டேஷனுக்குக் கிளப்பினார்.

சாட்சி சொல்ல வந்திருந்த லத்தீஃபாவுக்கு மனம் ஒப்பவில்லை. நேற்றைய வகுப்பு ஒரு கனவைப் போல மங்கலாக நினைவில் நின்றது. ஜன்னல் வழியே மூடுபனி நுழைந்து கரும்பலகையை விழுங்கியது. விளக்கை இருமுறை ஏற்றியும் சுடர் நிற்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, வெண்மைக்குள் மிதந்த குரல்களுக்கு மட்டும் அவள் பாடம் நடத்தினாள். ஒரே ஆங்கிலச் சொல் பெயர்ச்சொல்லாகி, வினைச்சொல்லாகி, பெயரடையாகி உருமாறும் பாடம். எத்தனை முகங்கள் எதிரே இருந்தன என்று அவளுக்கே தெரியாது.

"சார், ரெண்டு பேரையும் தனித்தனியா ஒரு கேள்வி கேக்கட்டுமா?"

முதலில் உஸ்மான் வந்தார்.

"நேத்து இன்னா பாடம், பாய்?"

அவர் தலையைச் சொறிந்தார். "மிஸ்ட்டுன்னு இன்னாவோ சொன்னீங்க டீச்சரம்மா. பனி. நவுனுக்கும் அதான், வெர்புக்கும் அதான். அட்ஜெக்டிவ்க்கு வால்ல ஏதோ சேத்தீங்க... மிஸ்டியோ, மிஸ்டரோ. மறந்துபோச்சு."

அடுத்து ஜேம்ஸ். கைகட்டி நிமிர்ந்து நின்றான்.

"ப்யூட்டி, நவுன். ப்யூட்டிஃபை, வெர்ப். ப்யூட்டிஃபுல், அட்ஜெக்டிவ். எட்டாம் பாடம், டீச்சர்."

ஓர் எழுத்தும் பிசகவில்லை. வகுப்பிலேயே நன்றாகப் படிப்பவன் அவன்.

"எட்டாம் பாடம் புத்தகத்துல இருக்கு, ஜேம்ஸ். நேத்து அதைத்தான் நடத்தணும்னு இருந்தேன். ஆனா வெளிச்சமே இல்ல. புத்தகத்தை மூடிட்டு, உள்ள வந்த பனியவே பாடமாக்கிட்டேன். உஸ்மான் பாய் தப்பும் தவறுமா சொன்னாலும் வகுப்புல இருந்தாரு. நீ சரியாச் சொன்ன, ஆனா வகுப்புல இல்ல. பாஞ்சாலிய விட்டுடுங்க சார்."

ஜேம்ஸின் டிரங்குப் பெட்டியில், கம்பளிக்குள் சுருட்டிய மைக்ராஸ்கோப் கிடைத்தது. பாஞ்சாலி பிள்ளையைத் தூக்கிவர வீட்டுக்கு ஓடினாள்.

"யாரோ கொண்டாந்து வெச்சிருக்காங்க சார்," என்றான் ஜேம்ஸ்.

வடிவேலு ஆங்கிலத்தில் அறிக்கை எழுத உட்கார்ந்தார். இரண்டாவது வரியில் பேனா நின்றது.

"டீச்சர், திருட்டுக்கு தெஃப்ட்டுங்கறது நவுன். அதுக்கு வெர்ப் இன்னா? தெஃப்டிஃபையா?"

லத்தீஃபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே மலை முழுக்க வெயில் விரிந்துகொண்டிருந்தது. சுவரோரம் நின்ற ஜேம்ஸ் தலையைக் குனிந்தபடியே, வகுப்பில் பதில் சொல்லும் அதே குரலில் சொன்னான்.

"ஸ்டீல், சார். திருடுறது." பிறகு, இன்னும் மெதுவாக: "ஐ ஸ்டோல்."