அடங்காத எண்ணெய்

தரை நடுங்கி ஓய்ந்து வெகு நேரமாகியும் எண்ணெய் ஓயவில்லை. காரைக்குடிக்கு வெளியே இருந்த துணை மின்நிலையத்தில், டிரான்ஸ்பார்மரின் தலைமேல் கிடந்த எண்ணெய்க் கலத்தின் கண்ணாடிக் குழாயில், மட்டம் மெல்ல ஏறி, கொஞ்சம் தயங்கி, இறங்கி, மறுபடி ஏறுவதை எஞ்சினீயர் சிவசங்கரன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

லேசான நடுக்கம்தான். மேசையில் தம்ளர் நகர்ந்தது. அதற்கே உள்ளே எண்ணெய் அலைந்து பாதுகாப்பு ரிலேயைத் தட்டிவிட, மின்சாரம் தானாக நின்றுபோனது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரியிலருந்து மறுபடி போன் சார்." ஹெல்பர் சோணை ஓடிவந்தான். "சாலாவ மேசையில போட்டு வயித்தக் கீறிட்டாகளாம். டார்ச் அடிச்சுக்கிட்டு நிக்கிறாக. கரண்ட விட்டுருங்க சார்."

சாலா சோணையின் மனைவி. தலைப்பிரசவம்.

"சோதிக்காம விட்டா வெடிச்சிரும்டா. அப்புறம் எவனுக்கும் கரண்ட் கிடையாது."

"நீங்க சோதிச்சு முடிக்கிறதுக்குள்ள எம்புள்ள காலேசு முடிச்சிரும்."

போன வருடம் சிவசங்கரனின் மனைவி நாகவல்லி வயிற்றுப் பிள்ளையோடு அதே ஆஸ்பத்திரி மேசையில்தான் செத்தாள். சிவசங்கரன் ஏணியில் ஏறினான்.

வழக்கமான சோதனைதான். ரிலேயில் சேர்ந்திருக்கும் வாயுவைச் சின்னத் திருகு வழியே திறந்துவிட்டுத் தீக்குச்சி காட்ட வேண்டும். பற்றினால் உள்ளே சுருள் கருகுகிறது, மின்சாரம் விடக் கூடாது. பற்றாவிட்டால் வெறும் காற்று, விடலாம். இரும்பில் பகல் வெயில் இன்னும் சுட்டது. வழக்கமான உறுமல் இல்லாத அந்த வெளியில், கருவேலங்காட்டுச் சில்வண்டுகளும் அடங்கிவிட, எண்ணெய் தகட்டில் மோதித் திரும்பும் ஓசை மட்டும், பக்கத்துப் பாயில் யாரோ உறங்குவதுபோல், சீராகக் கேட்டது.

திருகைத் திறந்தான். குச்சியைக் கிழித்தான்.

பற்றவில்லை. சுடர் அவன் பக்கம் சாய்ந்தது. பிறகு குழாய்ப் பக்கம். பிறகு அவன் பக்கம்.

எண்ணெய் வாடை இல்லை. டெட்டால். அதனடியில் சோம்பு. மசக்கையில் நாகவல்லி ஓயாமல் மென்ற சோம்பு.

"என்ன பாக்குறீக? காத்துதான?"

"காத்துதான்."

"பெறகென்ன சார்?"

குச்சி விரலைச் சுட்டது. உள்ளே யாரும் இல்லை. செம்பு. காகிதம். எண்ணெய். அதற்குள் அறுபத்தாறாயிரம் வோல்ட்டை விட வேண்டும். அங்கே, மேசையில், சாலா.

இறங்கினான். கட்டுப்பாட்டு அறைக்குப் போனான். கைப்பிடியைத் திருப்பினான்.

உறுமல் எழுந்தது. அதற்கடியில் வேறொன்று. பல்லைக் கடித்த முனகல். நீண்டது. உயர்ந்தது. அவன் வெளியே ஓடினான்.

விளக்குகள் எரிந்தன. அறைக்குள் போன் அடித்தது.

"பொம்பளப்புள்ள சார்! ரெண்டு பேரும் நல்லாருக்காகளாம்!"

முனகல் நின்றது.

மேலே, ரிலேயின் கண்ணாடியில் ஆவி படர்ந்தது. உள்பக்கம். அதன்மேல், உள்ளிருந்து, ஒரு கை பதிந்தது. பிறந்த பிள்ளையின் கை. விரல்களை விரித்தது. மூடியது. விரித்தது.