கேள்விக்கு முன்னால் விடை

உட்காரச் சொல்லியும் அந்தப் பெண்மணி உட்காரவில்லை. மருந்துக்கடையின் பின்னறையில், மேசைக்கு எதிரே நின்றபடியே, ஒரு தாளைப் பிரித்து வைத்தார். தட்டச்சு செய்த கடிதம். "பிறருடைய உழைப்பை என்னுடையதாகக் காட்டிக்கொண்டதற்கு வருந்துகிறேன். இனி இந்த நாளிதழில் எழுத மாட்டேன்." இரண்டே வரி. கையெழுத்துக்கு இடம் விட்டு, அதன் கீழே அவருடைய பெயர்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள இதுல கையெழுத்துப் போடணுமாம். போட மாட்டேன். ஏன் போட மாட்டேன்னு அவங்க முகத்துக்கு நேரா நிரூபிக்கணும். அதுக்குத்தான் வந்தேன்," என்றார்.

மேசைக்குப் பின்னால் இருந்தவரைத் தெருவே அண்ணி என்றுதான் கூப்பிடும். அப்படிக் கூப்பிடும் உரிமை உண்மையில் முன்பக்கம் மருந்து விற்கும் கொழுந்தனுக்கு மட்டுமே உண்டு. மற்றவர்கள் அவனிடமிருந்து தொற்றிக்கொண்டார்கள். காப்பீட்டு நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடம் பொய்க் கோரிக்கைகளைச் சலித்தெடுத்தவர். ஒரு பொய்யை மெய் என்று எழுதித் தரச் சொன்ன மேலதிகாரியிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வேலையை விட்டவர். இப்போது இந்தப் பின்னறையில் ஊராரின் சிக்கல்களைத் துருவிப் பார்த்துக் கொடுக்கிறார். கடிதத்தை அவர் இரண்டு முறை படித்தார்.

வந்தவர் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்ப்பவர். அது பகல் வேலை. பத்தொன்பது வருடமாக ஞாயிறு இணைப்பிதழில் 'கட்டெறும்பு' என்ற பெயரில் குறுக்கெழுத்துப் புதிர் போடுவதும் அவர்தான். இதைக் கேட்டதும் முன்பக்கத்தில் ஏதோ விழுந்தது. கொழுந்தன் மாத்திரை அட்டைகளைச் சிதறவிட்டு ஓடி வந்து கதவருகே நின்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கடைக்கு இருமலோடு வருகிறவர்கள், மேலிருந்து கீழ் எட்டாம் எண் முடியும்வரை இருமிக்கொண்டே நிற்க வேண்டும் என்பது ஊரறிந்த விஷயம்.

"நீங்களா கட்டெறும்பு? ஆம்பளைன்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றான்.

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சிட்டிருக்காங்க. ஆண்டு மலர்ல முதல் தடவையா என் பேரையும் படத்தையும் போடுறதா இருந்தாங்க. இந்த நேரம் பாத்து இது வந்திருக்கு," என்றார் கட்டெறும்பு.

நடந்ததை அவர் கோவையாகவே சொன்னார். ஆண்டு மலருக்கான பெரிய பரிசுப் புதிரை மூன்று வாரம் முன்பு கொடுத்தார். போன வாரம் இணைப்பிதழ்ப் பொறுப்பாளர் ஆசிரியரிடம் ஒரு நாட்குறிப்பைக் கொண்டுபோய்க் காட்டினார். அதில் பல மாதங்களுக்கு முந்தைய ஜனவரிப் பக்கங்களில் அதே புதிர், எழுத்து மாறாமல் இருந்தது. அது தன் ஓய்வு நேரத்தில் தானே கட்டியது, மேசைமேல் கிடந்ததை இந்த அம்மாள் அலுவலகம் வந்தபோது பார்த்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஆசிரியர் கட்டெறும்பிடம் எழுதிப் பார்த்த முதல் படி எங்கே என்று கேட்டார். அது இல்லை. பரிசுப் புதிரின் விடை வெளியே கசியக் கூடாது, எல்லாப் படிகளையும் கிழித்துவிட வேண்டும் என்று பத்தொன்பது வருடம் முன்பு உத்தரவு போட்டவரே அந்த ஆசிரியர்தான்.

"கிழின்னு சொன்னவரே எங்கேன்னு கேக்கிறாரு. எனக்கு அழுகை வரலை. ஆத்திரம்தான் வந்துச்சு," என்றார்.

அண்ணி, ஆசிரியர் அவருக்குக் கொடுத்திருந்த நகலைக் கேட்டு வாங்கினார். நாட்குறிப்பின் இரண்டு பக்கங்கள். ஒன்றில் குறிப்புகள், மற்றதில் விடை நிரப்பிய கட்டம். இரண்டாவதைக் கொழுந்தன் கண்ணில் படாமல் கவிழ்த்து வைத்தார். அவன் முகம் சுருங்கியது.

"இந்தக் குறிப்பெல்லாம் எனக்குப் பாஷை புரியலையே," என்றார் அண்ணி. விளக்கக் காத்திருந்தவன்போலக் கொழுந்தன் ஒன்றைத் தொட்டுக் காட்டினான். 'நரகம் கலைந்தால் பெரிய ஊர்.' நரகம் என்ற எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் நகரம். அது சுலபம், கடைக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளே போட்டுவிடுவார்கள் என்றான். அடுத்தது, 'வந்தவளை முழுக்க நம்பாதே, குளத்தில் குதிக்கும்.' வந்தவளை என்பதில் முன்னால் இருக்கும் இரண்டு எழுத்தை விட்டால் தவளை. ஒவ்வொரு குறிப்பிலும் ஒரு பாதி நேரான பொருள், மறு பாதி எழுத்து விளையாட்டு. சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிற வார்த்தை ஒன்றுகூட இருக்காது, இருந்தால் அது கட்டெறும்பு போட்டதே இல்லை என்று அவன் சொன்னபோது, அந்த அம்மாள் முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க எப்படிக் கட்டுவீங்க? எதுல ஆரம்பிப்பீங்க?" என்று அண்ணி கேட்டார்.

பென்சிலில் ஆரம்பிப்பாராம். முதலில் வெறும் கட்டம். நீளமான வார்த்தைகளை உள்ளே இறக்கி, அவற்றோடு வெட்டிக்கொள்ளும் சின்ன வார்த்தைகளைத் தேடி, பொருந்தாததை அழித்து, அழித்த இடம் ஓட்டையாகி, வேறு தாள் எடுத்து, இப்படியே நாலைந்து நாள் போகும். ஒரு மூலையில் ஓர் எழுத்து உதைத்தால் மொத்த மூலையையும் பிய்த்துப் போட வேண்டும். கட்டம் முழுவதும் நிரம்பிய பிறகுதான் குறிப்பு எழுத உட்காருவார். அப்புறம் இரண்டு உறை. வெறும் கட்டமும் குறிப்புகளும் இணைப்பிதழ்ப் பொறுப்பாளருக்கு. விடை அரக்கு முத்திரையோடு ஆசிரியரின் இரும்பு அலமாரிக்கு. அச்சாகும் நாளில்தான் அதைப் பிரிப்பார்கள்.

அண்ணி கவிழ்த்து வைத்த பக்கத்தைத் தூக்கித் தான் மட்டும் பார்த்தார். "சில வார்த்தை மட்டும் கறுப்பா விழுந்திருக்கு. மீதி மங்கலா இருக்கே."

"நகல் எடுக்கிற மிஷின் சரியில்ல போல," என்றார் கட்டெறும்பு.

"இருக்கலாம்," என்றார் அண்ணி. பிறகு கொழுந்தன் பக்கம் திரும்பி, "தம்பி, வெறும் கட்டம் ஒண்ணு வரைஞ்சுக்கோங்க. குறிப்பை வச்சு நீங்களே போடுங்க. முதல் சுற்றுல எது எது வரலையோ அதைச் சுத்தி வட்டம் போட்டு வைங்க. மறைக்கக் கூடாது," என்றார்.

வராதது என்று ஒன்று இருக்கும் என அண்ணி நினைத்ததே அவனுக்குப் பொறுக்கவில்லை. கடையைத் தன் அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்தான். மூன்று மணிக்கு எழுந்தபோது அவன் தாளில் எட்டு வட்டங்கள் இருந்தன. மூக்குடைபட்ட முகத்தோடு அதை நீட்டினான். அண்ணி தன் கையிலிருந்த பக்கத்தோடு அதை வைத்து வெகுநேரம் பார்த்தார். "நீங்க திணறினது இன்னைக்கு ரொம்ப உபகாரம்," என்றார். அது பாராட்டா கேலியா என்று அவனுக்குப் புரியவில்லை.

நாலேகாலுக்கு மூவரும் நாளிதழ் அலுவலகத்தின் இரண்டாம் மாடிக்கு ஏறினார்கள். ஆசிரியர் அறையில் மின்விசிறி சத்தத்துக்குக் குறைவில்லாமல் சுற்றியது, காற்றுதான் வரவில்லை. இணைப்பிதழ்ப் பொறுப்பாளர் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார். சிரித்த முகம், இஸ்திரி கலையாத சட்டை, பையில் பேனா. ஆசிரியர் கடிதத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டார். கட்டெறும்பு அதைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார், கையெழுத்து இல்லாமல். அண்ணி அசல் நாட்குறிப்பைப் பார்க்க வேண்டும் என்றார். பொறுப்பாளர் தயங்காமல் கொடுத்தார். தயங்கியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று பிறகு அவருக்குத் தோன்றியிருக்கும்.

அண்ணி பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"மிஷின்ல கோளாறு இல்லை. மை இரண்டு நிறம். குறிப்புகள் எல்லாம் நீலம். முதல் குறிப்பு பளிச்சுன்னு இருக்கு, போகப் போக வெளுத்துக்கிட்டே வருது. கடைசி மூணு குறிப்பை ரெண்டு தடவை அழுத்தி எழுதியிருக்காரு. ரீஃபில் தீர்ந்துகிட்டிருக்கு. கட்டத்துல இருக்கிற நீலம் அதைவிட வெளுப்பு. அப்புறம் மை நின்னுபோச்சு. கட்டத்துல ஒன்பது வார்த்தை மட்டும் பச்சை."

"பல நாள் உக்காந்து கட்டினது. பேனா மாறாதா?" என்றார் பொறுப்பாளர்.

"மாறும். எது முதல்ல, எது பின்னாலங்கறதுதான் விஷயம். குறிப்பு முதல்ல எழுதியாச்சு. கட்டம் பின்னாலதான் நிரம்பியிருக்கு."

"மனசுலயே கட்டி முடிச்சுட்டு, சுத்தப் பிரதியா இதுல எழுதினேன்."

"அப்போ முதல் கட்டத்துலேர்ந்து வரிசையா எழுதிக்கிட்டுப் போயிருப்பீங்க. நடுவுல நடுவுல ஒன்பது வார்த்தையைக் காலியா விட்டுத் தாண்டினது ஏன்?"

பொறுப்பாளர் சிரிப்பை விடவில்லை. அதெல்லாம் கஷ்டமான வார்த்தைகள், யோசித்து அப்புறம் போட்டேன் என்றார்.

அண்ணி நாட்குறிப்பை விரித்தபடி மேசையில் வைத்தார். அந்த வாக்கியம் அறைக்குள் எல்லோர் காதிலும் சரியாக ஏறட்டும் என்று காத்திருந்தார். முதலில் புரிந்துகொண்டவன் கொழுந்தன்தான். அவன் வாயைத் திறக்கப் போனதை அண்ணி பார்வையாலேயே அடக்கினார்.

"கேள்வியை எழுதி முடிச்சிட்டு விடையை யோசிச்சீங்களா? உங்க கேள்விக்கே? புதிர் கட்டுறவங்க விடையைக் கையில வச்சுக்கிட்டுத்தான் கேள்வி எழுதுவாங்க. கேள்வி முன்னால, விடை பின்னால வர்றது அவுக்கிறவங்களுக்கு மட்டும்தான். நீங்க கட்டலை. உக்காந்து அவுத்திருக்கீங்க. இதோ என் கொழுந்தன் இன்னைக்கு இதே குறிப்பை வச்சு உக்காந்தாரு. எட்டு இடத்துல மாட்டிக்கிட்டாரு. அதுல ஏழு, உங்க பச்சை வார்த்தைங்க."

கொழுந்தன் தன் தாளை நாட்குறிப்புக்குப் பக்கத்தில் வைத்தான். தன் தோல்வியை அத்தனை பெருமையோடு அவன் வாழ்க்கையில் யாரிடமும் காட்டியதில்லை.

"இந்தக் குறிப்புகள் விடை இல்லாம யார் கைக்குப் போச்சு?" என்று அண்ணி ஆசிரியரைக் கேட்டார். ஆசிரியர் எழுந்துபோய் இரும்பு அலமாரியைத் திறந்தார். விடை உறை இருந்தது, அரக்கு உடையாமல். அதை அவர் கையில் வைத்துக்கொண்டு பொறுப்பாளரையே பார்த்தார். மற்ற உறை போனது ஒரே ஒருவர் கைக்குத்தான்.

பொறுப்பாளருக்கு இப்போது வியர்த்தது. கட்டினது நான்தான், எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று குரலை உயர்த்தினார். அண்ணி, கேட்க வேண்டியது நான் இல்லை என்று கட்டெறும்பைப் பார்த்தார்.

கட்டெறும்பு தாளைப் பார்க்கவே இல்லை. "குறுக்கே இருபத்திரண்டு. 'வாட்டத்தின் காலை வாரினால் முனையே இராது.' விடை?"

"வட்டம். வட்டத்துக்கு ஏது முனை?"

"சரி. வாட்டம் எதுக்கு? காலை வாருறது எதுக்கு?"

பொறுப்பாளர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அழகுக்குத்தான் என்றார் கடைசியில்.

"அழகுக்கு நான் எதையும் போடுறதில்லை. 'வா'வுக்குப் பக்கத்துல நிக்கிறதே, அதுக்குப் பேரு கால். அதை வாரினா வாட்டம் வட்டமாகும். உறையைப் பிரிச்சுப் பாருங்க சார், ஒவ்வொரு விடைக்குப் பக்கத்துலயும் இப்படி எழுதி வச்சிருக்கேன்."

ஆசிரியர் அரக்கை உடைத்தார். படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏதோ தவறு நடந்துவிட்டது, ஆண்டு மலர் வேலை தலைக்குமேல் கிடக்கிறது, விஷயம் இந்த அறைக்குள்ளேயே முடியட்டும், அம்மா வழக்கம்போல எழுதட்டும் என்று இழுத்தார்.

"முடியாது," என்றார் கட்டெறும்பு.

அவர் குரல் உயரவில்லை. ஆனால் வாசலில் தாள்கட்டோடு வந்த அச்சகத்து ஆள் அப்படியே நின்றுவிட்டான்.

"பத்தொன்பது வருஷமா முத்திரை வச்சுக் கொடுத்திருக்கேன். நீங்க சொன்னீங்கன்னு என் கையாலயே எல்லாத்தையும் கிழிச்சேன். இந்தப் பிரச்சினை வந்தப்போ இந்த உறையைப் பிரிச்சுப் பாக்க உங்களுக்குத் தோணலை. கடிதம் டைப் அடிக்கத்தான் தோணுச்சு. ஊருக்கே கேக்கிற மாதிரி என்னைத் திருடின்னீங்க, இப்போ கதவைச் சாத்திக்கிட்டு இல்லைங்கறீங்க. என் பேரும் படமும் சொன்னபடி மலர்ல வரணும். அதே பக்கத்துல இந்தக் கடிதமும் வரணும்."

கடிதத்தை இழுத்துத் தன் பெயரை ஒரே கோட்டில் அடித்தார். அதற்கு மேலே பொறுப்பாளர் பெயரை எழுதினார். இரண்டு வரியையும் ஒரு முறை வாய்விட்டுப் படித்தார். பிறருடைய உழைப்பை என்னுடையதாகக் காட்டிக்கொண்டதற்கு வருந்துகிறேன். இனி இந்த நாளிதழில் எழுத மாட்டேன்.

"மத்த வார்த்தையெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒண்ணுகூட வீண் இல்லை," என்று சொல்லி, தாளைப் பொறுப்பாளர் முன்னால் தள்ளினார்.

பொறுப்பாளர் ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் கையிலிருந்த விடைத்தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சுவரில் மணி ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. பொறுப்பாளரின் கை சட்டைப் பைக்குப் போனது, பச்சைப் பேனா பாதி வெளியே வந்தது, அங்கேயே நின்றது.

அண்ணி தன் பேனாவின் மூடியைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

"இதுல போடுங்க. காலையிலதான் ரீஃபில் மாத்தினேன். பாதியில தீராது."