அழித்தாலும் போகாத பெயர்

சிம்மக்கல்லில் காசிமாயனின் பிரவுசிங் சென்டரில், அதுவரை உட்காராத கடைசி கேபினில் உட்கார்ந்து மெயில் பக்கத்தைத் திறந்ததுமே ரம்யாஸ்ரீயின் பெயர் அங்கே இருந்தது. அவள் இன்னும் ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை.

பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. சேருகிறேன் என்று இன்றைக்குள் பதில் அனுப்பவேண்டும். அண்ணன் வெங்கடேஷ்பாபுவுக்குத் தெரிந்தால் தன் கல்யாணம் முடிகிறவரை அவள் வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. அதனால் கடையிலிருந்து கிளம்பும்போதெல்லாம் குக்கீயை அழித்துவிட்டுத்தான் போவாள். தோழி தேவிகாவுக்கு மனதில் உள்ளதையெல்லாம் கொட்டி எழுதும் மெயிலைக்கூட, கடையில் யார் எட்டிப் பார்த்தாலும் புரியாதபடி, வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியில்தான் அடிப்பாள்.

"அண்ணே, நான் உக்காராத சிஸ்டத்துல என் பேரு வருதுண்ணே."

"அது குக்கிம்மா. யாரு வந்தா, என்ன பாத்தான்னு குறிச்சு வச்சுக்கிரும். டூல்ஸ்ல போயி டெலீட் குடு," என்றார் காசிமாயன் கவுண்டரிலிருந்தே.

"போன தடவையும் குடுத்தேனே."

"எம்புட்டுப் பயம்! உன் பேர வச்சு அது என்ன, ரேசன் கார்டா வாங்கப்போகுது?"

கேபின் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏசியின் ஈர வாடையும், யாரோ விட்டுப்போன மல்லிகைப்பூவின் அழுகல் மணமும், கீழே தெருவில் மூட்டை இறக்குகிறவர்களின் சத்தமும் அந்தப் பலகைத் தடுப்புக்குள் மெல்ல மெல்ல அடங்கி, கடைசியில் கம்ப்யூட்டரின் உறுமல் மட்டும் மிஞ்சியது. அழித்தாள். பெயர் வந்தது. மறுபடி அழித்தாள். வந்தது.

பக்கத்து கேபினில் யாரோ டைப் அடிக்கும் சத்தம் கேட்டது.

அவள் பெயருக்குக் கீழே ஒரு வரி ஓடியது. அவள் வீட்டு மொழியில்.

"நீ எழுதுனது எல்லாத்தையும் படிச்சிட்டேன். இப்ப எனக்கும் பேச வருது."

பக்கத்து கேபினில் சத்தம் நின்றது. மறுபடி தொடங்கியது. திரையில் அடுத்த வரி வந்தது.

"நான் வீட்டுக்குப் போறேன். நீ இரு."

கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தோளால் இடித்தாள். அசையவில்லை. பலகை இடுக்கில் கண்ணை வைத்தாள்.

கவுண்டரில் வெங்கடேஷ்பாபு. தேடி வந்திருக்கிறான். அவன் எதிரே ஒரு பெண். ரம்யாஸ்ரீ போட்டிருந்த அதே நீலச் சுடிதார். அதே பின்னல். அவன் வீட்டு மொழியில் ஏதோ அதட்டினான். அந்தப் பெண் தலையைக் குனிந்து பதில் சொன்னாள். அதே மொழி. ரம்யாஸ்ரீயின் குரல்.

அவன் முகம் தணிந்தது.

"பாத்துக் கூட்டிட்டுப் போங்க தம்பி, படி செங்குத்து," என்றார் காசிமாயன்.

ரம்யாஸ்ரீ கத்தினாள்.

சத்தம் வரவில்லை. தொண்டை இருந்தது. காற்று இல்லை.

முதுகுக்குப் பின்னால் திரையில், தானாகவே, எழுத்து எழுத்தாக விழுந்தது:

"அண்ணா, என்னையும் கூட்டிட்டுப் போ."