ஆச்சு

2093 மார்ச் 11. நிலா, தெற்குக் குடியிருப்பு.

இன்று ஒரு பிழையைக் கண்டுபிடித்தேன். என்னுடையது. வயிற்றுப் படத்தைப் பார்த்து நிரப்ப வேண்டிய 'உணவு உண்டார்' கட்டத்தை, மருந்து தரும் கருவி கேட்டபோது நோயாளி சொன்னதை வைத்தே நிரப்பியிருக்கிறேன். ஐந்து முறை.

நோயாளி இருதயராஜ். வயிற்றுப் புற்றுநோய். வாரம் ஒரு கரண்டி துகள்நீர் குடிக்கிறார். அதில் பன்னிரண்டு கோடி நுண்துகள்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு மருந்து: ஒன்று கட்டியின் கவசத்தைக் குலைக்கும், மற்றது உள்ளே புகுந்து கொல்லும். கட்டியைத் தேடிப் பிடிக்கத் துகள்களுக்கு மூன்று மணி நேரம் வேண்டும். வயிற்றில் சோறு இருந்தால்தான் அவ்வளவு நேரம் தங்கும். வெறும் வயிற்றில் கால் மணியில் குடலுக்குப் போய்விடும்.

மாலை வகுப்பில் படம் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பயிற்சிக்கு அவருடைய படங்களைத் திறந்தேன். ஐந்திலும் வயிறு காலி. ஆறாவது தவணை நாளை. அதற்கும் கட்டி சுருங்காவிட்டால், 'மருந்துக்கு இணங்காதவர்' என்று மருத்துவக் குழு சிகிச்சையை நிறுத்திவிடும்.

நான் சரியாகத்தான் படித்தேனா என்று மூன்று முறை பார்த்தேன். பிறகு அவரை அழைத்தேன்.

"ஐயா, நான் துகள் பிரிவு குழலி. போன வாரம் மருந்துக்கு முன்னாடி சாப்பிட்டீங்களா?"

"ஆச்சுன்னு மெஷின்கிட்ட சொன்னேனே மக்களே."

"சொன்னீங்க. சாப்பிட்டீங்களா?"



"அந்தச் சாப்பாட்டுக் கூடத்துல எல்லாம் குடும்பம் குடும்பமா உக்காந்திருப்பாவ. ஒத்தையில போய் என்னத்தத் திங்க?"

"அப்போ இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சாப்பிட்டாச்சான்னு ஒருத்தர் கேட்டா இல்லைன்னா சொல்லுவாவ? சொன்னா அவிய சோறு போடணும்லா. அந்த மெஷினுக்கு எதுக்குச் சங்கடம்?" சிரித்தார். "இங்க வந்த எட்டு மாசத்துல அது ஒண்ணுதான் என்னைக் கேட்டிருக்கு."

கருவி முதலில் 'உணவு உட்கொண்டீர்களா?' என்றுதான் கேட்டதாம். அப்போது எல்லோரும் உண்மையைச் சொன்னார்கள். குரலில் அன்பு போதவில்லை என்று சென்ற ஆண்டு 'சாப்பிட்டாச்சா?' என்று மாற்றினார்கள். கோடி உயிரணுக்களில் கெட்டதை மட்டும் பிடிக்கும் துகளைச் செய்தவர்கள்தான்.

"நீ சாப்பிட்டியா மக்களே?" என்றார்.

"ஆச்சு ஐயா."

சொன்ன பிறகுதான், காலையிலிருந்து தேநீர் மட்டுமே குடித்தது நினைவு வந்தது.

"பொய்யி," என்றார். "குரலே சொல்லுது."

ஐந்து தவணையும் வீணானது என் பிழையால் என்று குழுவுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். வேலை போகுமா, தெரியவில்லை. ஆறாவதையே முதலாவதாகக் கொள்ளும்படியும் கேட்டிருக்கிறேன்.

நாளைய வேலை: பகல் 12.30, அவருடைய அறை, எண் 14. இரண்டு பேருக்கு ரசம் சாதம், பருப்புத் துவையல். எதுவும் கேட்கக் கூடாது. தட்டைப் போட்டு உட்கார வேண்டும். அவர் சாப்பிட்டு முடித்ததும் துகள்நீர். பிறகு படம்.