வீட்டுக்கும் ஒரு ஜோடி செருப்பு

அப்பா புதுப் படத்தை ஆணியில் மாட்டிவிட்டு, கொஞ்சம் பின்னால் வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். முகத்தில் பெருமை வழிந்தது.

படத்தில் மேகத்தின் மேல் ஒரு வீடு நடந்து போய்க்கொண்டிருந்தது. ஆமாம், நடந்துதான்! சிவப்புக் கதவு, சாய்வான கூரை, கீழே மனிதர்களுக்கு இருப்பதுபோல் நீளமாக இரண்டு வெறும் கால்கள். பக்கத்தில் ஒரு மீன் குடை பிடித்துக்கொண்டு வந்தது.

"என்னங்க இது கூத்து?" என்றார் அம்மா.

"இதுக்குப் பேரு சர்ரியலிசம்! கனவுல வர்ற மாதிரி வரையறது. பெரிய ஓவியம் ஒண்ணோட பிரதியாம், கடைக்காரர் சொன்னார். எத்தனை நாளா இந்தச் சுவர் மொட்டையா கிடந்துச்சு!"

வாயாடிக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. வாயாடி என்பது அவளுடைய பட்டப்பெயர். ஏன் அந்தப் பெயர் என்று அவளிடம் கேட்டுவிடாதீர்கள், சாயங்காலம் வரை சொல்வாள். அவளுடைய தம்பி பொடிசு படத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டான். கண்கொட்டாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் ஆரம்பித்தது வம்பு.

"நான் ஸ்கூலுக்குப் போகமாட்டேன்!" பொடிசு கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். கெஞ்சினார்கள், அதட்டினார்கள், மிட்டாய் தருவதாகச் சொன்னார்கள். எதுவும் எடுபடவில்லை. ஏன் என்று கேட்டால் படத்தைக் கைகாட்டி அழுதான். அதற்கு அடுத்த நாளும் அதே கதைதான்.

"படத்தைப் பார்த்துப் பயப்படறான். திருப்பிக் கொடுத்துடுங்க," என்றார் அம்மா.

"சாயங்காலம் கொடுத்துடறேன்," என்ற அப்பா, சட்டத்தில் இருந்த தூசியைத் துண்டால் மெதுவாகத் துடைத்தார். திருப்பித் தரப்போகிற படத்தை யாராவது துடைப்பார்களா? வாயாடிக்கு மனசு என்னவோ போல் ஆகிவிட்டது.

அவள் தம்பியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏன்டா, அந்த மீனைப் பார்த்தா பயமா இருக்கா?"

"மீன் நல்ல மீன்தான்க்கா."

"பின்னே?"

பொடிசு அவள் காதருகில் வந்தான். "நாம எல்லாரும் வெளியே போனதும், நம்ம வீடும் இப்படி எழுந்து நடந்து போயிட்டா? அப்புறம் நாம எங்கே போறது?"

வாயாடிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் தம்பியின் கண்கள் குளமாகியிருந்தன. சிரிப்பை விழுங்கினாள். வீட்டுக்கு ஏது கால் என்றால், படத்தில் இருக்கிறதே என்பான். என்ன செய்வது?

வாசலில் வரிசையாகக் கிடந்த செருப்புகள் அவள் கண்ணில் பட்டன.

"டேய், செருப்பு போடாம வெளியே போனா அம்மா விடுவாங்களா?"

"விடவே மாட்டாங்க. அன்னிக்கு அப்பாவையே திருப்பி அனுப்பினாங்களே!"

"அப்போ வீட்டை மட்டும் விட்டுடுவாங்களா?"

பொடிசு யோசித்தான். "அந்த வீடு வெறும் காலோடதானே போகுது?"

"அங்கே நம்ம அம்மா இல்லையே!"

அது சரிதான் என்று தோன்றியது. இருந்தாலும் பொடிசு சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினான். "அம்மா! செருப்பு இல்லாம வீடு வெளியே போகலாமா?"

பாத்திரம் உருட்டும் சத்தத்தில் அம்மாவுக்குப் பாதிதான் கேட்டது. "யாரா இருந்தாலும் சரி, செருப்பு போடாம வாசல்படி தாண்டக் கூடாது!"

அவ்வளவுதான். படம் வந்த அட்டைப்பெட்டியை வாயாடி வெட்டினாள். பெரிய செருப்பு ஒரு ஜோடி தயாரானது. பொடிசு அதற்கு நீல வண்ணம் பூசினான்.

"இது நம்ம வீட்டோட செருப்பு. உன் பையில பத்திரமா வெச்சுக்கோ. இது இல்லாம வீடு எங்கே போயிடும்?"

பொடிசு பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பினான். அம்மாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் தெருமுனை திரும்பியதுமே ஓடினான். வீடு இருந்த இடத்திலேயே இருந்தது! உள்ளே அப்பா ஆணியிலிருந்து படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, எடுக்காதீங்க! அது இங்கேயே இருக்கட்டும்!"

அப்பாவின் முகம் மலர்ந்தது. படம் மறுபடி ஆணிக்குப் போனது. பொடிசு அதை அண்ணாந்து பார்த்தான். பிறகு பையிலிருந்து அட்டைச் செருப்பை எடுத்து, படத்துக்குக் கீழே சுவரோரமாக ஜோடி சேர்த்து வைத்தான்.

"பாவம்கா, மேகம் ஜில்லுனு இருக்கும். கால் குளிரும்."

"அப்போ நம்ம வீட்டுக்கு?"

"நம்ம வீடு எங்கேயும் போகாதுக்கா. இன்னிக்குப் பார்த்தேனே!"

பிறகு அம்மாவைப் போலவே ஆள்காட்டி விரலை நீட்டி, படத்து வீட்டிடம் கண்டிப்பாகச் சொன்னான்:

"செருப்பைப் போட்டுக்கிட்டுப் போ. இருட்டறதுக்குள்ள வந்துடணும், சரியா?"