மாலை போட்ட படம்

நிலாவின் தலைமுடியில் சாம்பிராணி வாசம் வந்தது.

மகளை மடியில் உட்காரவைத்துச் சடை பின்னிக்கொண்டிருந்த சௌந்தர்யா சீப்பை நிறுத்திவிட்டு மறுபடி குனிந்து முகர்ந்தாள். எல்.கே.ஜி. விட்டு வரும் குழந்தையிடம் வழக்கமாக இருக்கும் வெயிலும் வியர்வையும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசத்துக்கு அடியில், இப்போதுதான் கங்கில் தூவி எழுப்பியதுபோல அந்தப் புகை வாசம் கதகதப்பாக இருந்தது. அவர்கள் வீட்டில் சாம்பிராணியே கிடையாது. கணவன் மோகன்குமாருக்கு அது ஆகாது, தும்மித் தீர்த்துவிடுவான் என்று கல்யாணமான புதிதிலேயே நிறுத்தியாயிற்று. அவன் இப்போது போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கரில் இருந்தான். நாமக்கல்லில், தெருக் கோடியிலிருந்த அந்த வாடகை வீட்டில் தாயும் மகளும் மட்டும்தான்.

"யாரு சாமி உனக்குத் தலைக்குப் புகை போட்டது?"

"அம்மா."

"நான் போடலையே."

நிலா திரும்பவில்லை. எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்து ஆயாவாக இருக்கும் என்று சௌந்தர்யா நினைத்துக்கொண்டாள். அப்படித்தான் நினைத்தாக வேண்டும். வேறொரு அம்மாவின் ஞாபகம் வந்துவிடக் கூடாது.

சௌந்தர்யாவுக்கு ஸ்க்ராப்புக் செய்வதில் பைத்தியம். பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகையின் பொன்னிற ஓரம், சேலையிலிருந்து பிரிந்த ஜரிகை, எதையும் வீச மனம் வராது. போட்டோக்களோடு சேர்த்து வெட்டி, அடுக்கி, ஒட்டி, கழிந்துபோன ஒரு நாளை ஒரு பக்கமாக ஆக்கிவிடுவாள். மோகன்குமார் அதை வெட்டி வேலை என்பான். சேலம் அம்மாபேட்டையிலிருக்கும் பிரீத்தியிடம் இதைச் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்து, தங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு அதையே பெயராக வைத்துவிட்டாள். ராசிபுரம், திருச்செங்கோடு, வெண்ணந்தூர் என்று எங்கெங்கிருந்தோ வந்து, மாதம் ஒரு சனிக்கிழமை பிரீத்தி வீட்டு மாடியில் கூடுவார்கள். கீழே தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருக்கும். மேலே பாயெல்லாம் பூப்போட்ட காகிதமும் ஸ்டிக்கரும் வண்ண டேப்பும் இறைந்து கிடக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடம் எடுப்பது சௌந்தர்யாதான். அசல் படத்தில் கை வைக்காதே, முதலில் நகல் எடு. அதுதான் பாடம்.

அந்த மாடிக்குத்தான் உஷாராணி வந்தாள். பரமத்தி வேலூர்ப் பக்கம் கொடிக்கால் வைத்து வெற்றிலை விவசாயம் செய்கிற குடும்பம். அவள் கற்றுக்கொள்ள வரவில்லை. அவளுடைய ஒரே மகள் நித்யஸ்ரீ, ஒரு வயது நிறைவதற்குள் காய்ச்சலில் இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. படத்தைப் பார்த்துப் பார்த்து அழுது இவளும் போய்விடுவாளோ என்று பயந்து, கணவன் சுவாமிநாதன் இரண்டு போனிலும் இருந்த குழந்தையின் படங்களை ஒன்று விடாமல் அழித்துவிட்டான். சேலை மடிப்புக்குள் அவள் ஒளித்து வைத்திருந்த ஒன்று மட்டும் தப்பியது. கோயில் வாசலில் படமெடுத்து அங்கேயே பிரிண்ட் போட்டுக் கொடுப்பார்களே, அப்படி மொட்டையடித்த அன்று எடுத்தது. மழித்த தலை நிறையச் சந்தனம், கன்னத்தில் மைப்பொட்டு, பொக்கைச் சிரிப்பு. அதை நடுவில் வைத்து ஒரு ஆல்பம் செய்துதர முடியுமா என்று கேட்டு, அவள் அதை சௌந்தர்யாவின் கையில் வைத்தாள்.

"பத்திரமுங்க. இது போச்சுன்னா எம் புள்ளை மூஞ்சியே எனக்கு மறந்துரும்."

சௌந்தர்யா நகல் எடுக்கவில்லை. அன்று கரண்ட் இல்லை. நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம், பக்கத்தில் வைத்துப் பார்க்க மட்டும்தானே என்று நினைத்தாள். ஓரத்தில் ஒரு சொட்டுப் பசை விழுந்தது. ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தாள். முகம் துணியோடு வந்துவிட்டது. காகிதத்தில் சந்தன நிறத்தில் ஒரு தீற்றலும், அதற்குக் கீழே யாரோ ஒருவருடைய கையும் மட்டும் மிஞ்சின. என்ன செய்வதென்று தெரியாமல் அவள் அந்தத் துணியைக் குழாயடியில் அலசினாள். தண்ணீர் மஞ்சளாகி, வெளிறி, தெளிந்து சாக்கடைக்குள் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு செய்ததை அவள் யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. ஆனால் கை நடுங்கவில்லை. நிலாவுக்கு மொட்டையடித்த நாளின் படம் இருந்தது. அதே சந்தனம், அதே மைப்பொட்டு, ஏறக்குறைய அதே மாதக் குழந்தை. மொட்டையடித்துச் சந்தனம் பூசிவிட்டால் எல்லாக் குழந்தையும் ஒரே குழந்தைதான். கொஞ்சம் நிறம் மங்கவைத்து, ஓரங்களைக் கரைத்து, கன்னத்தின் மேல் காகித இலையொன்று படியுமாறு ஒட்டினாள். அவள் இதுவரை செய்ததிலேயே அழகான பக்கம் அதுதான்.

அம்மாபேட்டை மாடியில் உஷாராணி ஆல்பத்தைத் திறந்தாள். வெகுநேரம் பார்த்தாள். விரலால் நெற்றியைத் தடவினாள். பிறகு பக்கத்தைத் தூக்கித் தன் கன்னத்தோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள். பிரீத்தி அழுதாள். எல்லோரும் சௌந்தர்யாவின் முதுகைத் தட்டினார்கள். சொல்லிவிடு என்று அவளுக்குள் ஏதோ இடித்தது. இப்போது சொன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்று நினைத்தாள். அதற்கு அடியில், இந்தக் கைகள் இனி என் முதுகைத் தட்டுமா என்றும் நினைத்தாள். சொல்லவில்லை.

சில நாள் கழித்துக் குழுவில் ஒரு படம் வந்தது. உஷாராணி அந்த முகத்தை ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தாள். சம்பங்கி மாலை, நெற்றிக்கு நேராகக் கண்ணாடியில் குங்குமம், கீழே விளக்கு. மாலைக்குள்ளிருந்து நிலா சிரித்தாள். உயிரோடிருக்கும் பிள்ளையின் படத்துக்கு மாலை. குழுவில் ஒவ்வொருவராகக் கைகூப்பும் படம் போட்டார்கள். அவள் போடாவிட்டால் கவனிப்பார்கள். அவளும் போட்டாள்.

அதன் பிறகுதான் சாம்பிராணி.

தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தது. பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தமும், கோழித்தீவன லாரி திருப்பத்தில் கியர் மாற்றும் உறுமலும் ஜன்னல் வழியே வழக்கம்போல வந்துகொண்டிருக்க, வீட்டுக்குள் மட்டும் எல்லாம் கொஞ்சம் மெதுவானது போலிருக்கும். முதலில் புகை. அப்புறம், பூ எங்கேயும் இல்லாத அறையில், சம்பங்கி. விளையாடிக்கொண்டிருக்கும் நிலா பொம்மையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் போய்ச் சம்மணமிட்டு உட்காருவாள். கழுத்தில் ஏதோ கனப்பதுபோலத் தலை லேசாக முன்னுக்குச் சாயும். கூப்பிட்டால் கேட்காது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாக எழுந்து விளையாடப் போவாள். சோறு பிசைந்தால் வேண்டாம் என்பாள்.

"பால் குடிச்சுட்டேன். அம்மா வெச்சாங்க."

பள்ளிக்கூடத்தில் விசாரித்தாள். ஆயா சாம்பிராணி எதுவும் போடுவதில்லை என்றாள். டாக்டர் பூச்சி மருந்து எழுதிக் கொடுத்தார். மோகன்குமார் போனில் பேசும்போது பின்னால் போர் இறங்கும் இரைச்சலில் பாதி கேட்கவில்லை. பிள்ளைக்குத் திருஷ்டி சுற்றிப் போடு என்றான். எல்லாவற்றையும் அவனிடம் கொட்டிவிட வாயெடுத்தாள். எங்கிருந்து தொடங்குவதென்று தெரியாமல், சரிங்க என்று வைத்துவிட்டாள்.

உஷாராணியையே ஒருமுறை கூப்பிட்டாள். அவளோ பேசவே விடவில்லை. ஆல்பம் வந்த பிறகுதான் சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது என்று சொல்லிக்கொண்டே போனாள். நீங்க இல்லீன்னா நான் என்னைக்கோ போயிருப்பனுங்க என்றாள். சௌந்தர்யா போனை வைத்தாள். ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். நாக்கு கசந்தது.

ஒரு சாயங்காலம், சுவரோரம் உட்கார்ந்திருந்த நிலாவின் முன்னால் மண்டியிட்டு அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. சௌந்தர்யா குழந்தையின் மூக்கருகே விரலை வைத்தாள். காத்திருந்தாள். தெருவில் யாரோ மோட்டார் பைக்கை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். விரலில் காற்று படவில்லை. நெஞ்சில் கை வைத்தாள். சட்டை அசையவில்லை. கத்த வாய் திறந்தபோது நிலா பெரிதாக ஒரு மூச்சு இழுத்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு, வெளக்கு அணைஞ்சிருச்சு என்றாள்.

அன்று ராத்திரி குழுவில் உஷாராணியின் குரல் பதிவு ஒன்று வந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து நித்யஸ்ரீக்கு அணையா விளக்கு வைக்கப்போவதாகச் சொன்னாள். ராவும் பகலும் எரியும், ஒரு நொடியும் அணைய விடப் போவதில்லை என்றாள். நல்ல காரியம் என்று பிரீத்தி பதில் போட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சௌந்தர்யா மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். ஜன்னலோரம் கரும்பும் வாழையும் ஓடின. என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று வழி நெடுக வார்த்தைகளை அடுக்கி அடுக்கிக் கலைத்தாள். காலில் விழுந்துவிடலாம். குழுவில் எல்லோரிடமும் சொல்லட்டும், காறித் துப்பட்டும். படம் மட்டும் இறங்கினால் போதும். நிலா அவள் தோளில் சாய்ந்திருந்தாள். பரமத்தி வேலூர் நெருங்க நெருங்க அவள் முகம் தெளிந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும், வழி கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல், குழந்தை முன்னால் நடந்தாள். வாய்க்கால் கரை. கொடிக்கால் ஓரம். பச்சை இரும்புக் கேட். அவளே தள்ளித் திறந்தாள்.

உஷாராணி கூடத்தில் இருந்தாள். சுவாமிநாதன் வெற்றிலை ஏலத்துக்குப் போயிருந்தான். வாங்க என்றாள். ஆச்சரியப்பட்டதுபோலத் தெரியவில்லை. படத்தின் கீழே பலகை போட்டிருந்தது. டம்ளரில் பால். தூபக்காலில் கங்கு. விளக்கு ஏற்றியாயிற்று.

நிலா பலகையில் போய் உட்கார்ந்தாள். சம்மணமிட்டு. தலை சாய்ந்தது.

சௌந்தர்யா சுவரிலிருந்த படத்தைக் காட்டினாள்.

"அது உங்க நித்யா படம் இல்லீங்க. என் புள்ளை. உங்க படத்தை நான் கெடுத்துட்டேன்."

"தெரியுமுங்க."

உஷாராணி குனிந்து தூபக்காலைத் தூக்கி, நிலாவின் முடியை விரலால் கோதிப் புகை காட்டினாள். பழகிய கை.

"மொத நாளே தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதுங்களா?"

"அப்புறம் ஏனுங்க..."

"எம் புள்ளையை ரெண்டு வருசமாக் கூப்பிட்டனுங்க. வரலை." அவள் குரலில் கோபமே இல்லை. "இவளைக் கூப்பிட்டேன். வந்துட்டா."

சௌந்தர்யா பாய்ந்தாள். விளக்கை வாயால் ஊதக் கூடாது என்று யாரோ எப்போதோ சொன்னது காதில் ஒலித்தது. ஊதினாள்.

திரி கருகும் நெடி. கூடம் மங்கியது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம்.

"நிலா."

அசைவில்லை.

"நிலா. அம்மா வந்துருக்கேன் கண்ணு."

குழந்தையின் இமை படபடத்தது. தலை நிமிர்ந்தது. சௌந்தர்யாவைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்க்கும் பார்வை. எழுந்தாள். நடந்துபோய் உஷாராணியின் சேலைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள்.

"அம்மா, இந்த அத்தை ஏன் அழுவறாங்க?"

உஷாராணி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒன்றும் இல்லை சாமி என்றாள்.

சௌந்தர்யா கையை நீட்டினாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. நீட்டிய கை அப்படியே நின்றது. அப்போது பக்கத்தில், மிக அருகில், ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கண்ணாடியில் நகம் படுவதுபோல. அவள் நிமிர்ந்தாள்.

மாலைக்குள்ளிருந்த குழந்தை சிரிக்கவில்லை.

நிலா அழத் தொடங்கும்போது கோணுவதுபோல வாய் கோணியிருந்தது. கண் அவளையே பார்த்தது. அந்த வாய்க்கு நேராக, கண்ணாடியின் உள்பக்கத்தில், சின்னதாக ஒரு வட்டம் பனித்தது. மறைந்தது. மறுபடி பனித்தது.