"நல்ல தண்ணீர்" என்று எழுதிய குழாய்

ஐந்தாவது சோதனைக் குழாயும் ஒளிரவில்லை.

நூர்லைலா ஊதா விளக்கை அணைத்து மறுபடி போட்டாள். தண்ணீரில் நுண்துகள் கரைசலைச் சொட்டு விட்டால் நீலமாக ஒளிர வேண்டும்; பாதரசம் இருந்தால் ஒளி அவிந்துவிடும். ஆற்றில் மொண்ட நான்கும் அவிந்ததில் வியப்பில்லை, ஆற்றின் மேல்பக்கம் தங்கம் அலசுகிறவர்கள் பாதரசத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறார்கள். ஐந்தாவது, ஒப்பிட்டுப் பார்க்க வைத்த நல்ல தண்ணீர். அவள் வீட்டுக் கூரையில் விழுந்து தொட்டியில் சேர்ந்த மழைநீர். ஆற்றை விட்டுவிட்டு மழைநீரைக் குடியுங்கள் என்று கரையோர ஊர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தவளும் அவள்தான்.

கதவடைத்த சாமான் அறைக்குள் கருவாட்டு வாடையும், பிற்பகல் வெயிலில் தகரக் கூரை நெளியும் சத்தமும், அவற்றுக்கு அடியில் பக்கத்துத் தங்கக்கடை மாடியில் பாதரசத்தை ஆவியாக்கித் தங்கத்தைப் பிரிக்கக் கலவையைச் சுடும் காஸ் அடுப்பின் சீறலும் இருந்தன. ஆறு வருடமாகக் கேட்டுப் பழகிக் காதில் விழாமல் போன சீறல். இன்று விழுந்தது. அந்த அடுப்பின் புகைபோக்கி அவள் கூரைப் பக்கம்தான் சாய்ந்திருந்தது.

குழாயைக் கழுவினாள். புதுக் கரைசல் விட்டாள். இருட்டு. மருந்துக்கடைச் சுத்த நீரை ஊற்றினாள். பளிச்சென்று நீலம். விளக்கு பொய் சொல்லவில்லை. பாவி, நான்தான் சொன்னேன்.

இரண்டு வயது மகள் இனூன் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். நீலத்தைப் பார்த்துச் சிரித்தாள். கை நீட்டினாள். விரல்கள் ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தன. மறுபடியும் காற்று. ஒரு மாதமாகக் கரண்டி வாய்க்குப் போகாமல் கன்னத்தில் இடித்ததைக் குறும்பு என்று அம்மாவும் அப்பாவும் சிரித்திருந்தார்கள். பாதரசம் நரம்பில் ஏறினால் கை குறி தவறும்.

கூரையில் படபடவென்று சத்தம்.

"லைலா! மழை வந்துருச்சு!" வெளியே கணவன் ருஸ்தி. "தொட்டி மூடியத் தெறந்துட்டேன்!"

"மூடுங்க! இனூன் அப்பா, மூடுங்க! அதுல பாதரசம்!"

"ஊருக்கே மழைத் தண்ணியக் குடிக்கச் சொன்னவ நீதானடி! இத மூடிட்டு எதக் குடிக்கிறது, ஆத்தையா?" சிரித்தான்.

திரும்பினாள். இனூன் இல்லை.

ஓடினாள்.

தொட்டியில் விழும் தாரைக்கு ஒரு சாண் தள்ளி, கைகளைக் குவித்து நின்றது குழந்தை. கை நிறையவில்லை. சலித்துப்போய் முகத்தைத் தூக்கி வாயை அகலத் திறந்தது. கூரை விளிம்பு முழுவதும் ஒழுகியது.

இந்த முறை தவறவில்லை.